இரும்பு தோசைக்கல்லு: கல்லு தங்கம், கைப்பிடிதான் எமன்

பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க, பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, வார்ப்பிரும்பு தோசைக்கல்லு விலை இறங்கியிருக்கே, வாங்கலாமான்னு. சுங்கை சிப்புட்ல எங்க வீட்டுல பல வருஷமா அதுலதான் ஊத்துறோம், அதனால சொல்றதுக்கு நிறைய இருக்கு.

முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த சில்லு மாவை ஊத்தினாலும் இந்தக் கல்லு அசராது. மெல்லிசான அலுமினியக் கல்லுல முதல் தோசை நல்லா வரும், அடுத்தது வெளுத்துப் போயி வரும், ஏன்னா மாவு சூட்டை இழுத்துக்கிட்டதும் கல்லே ஆறிடுது. இரும்புன்னா சூடு வேகமா பரவும்னு பல பேர் நினைக்கிறாங்க, அது இல்ல, அலுமினியம்தான் இரும்பைவிட ஏறக்குறைய நாலு மடங்கு நல்லா கடத்தும். இன்னும் சொல்லப்போனா ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ வச்சுப் பார்த்தா அலுமினியம்தான் ரெண்டு மடங்கு சூட்டைப் பிடிச்சு வைக்கும். இரும்புக் கல்லு ஜெயிக்கிறது அதோட கனத்தாலதான், அவ்வளவு எடை இருக்குறதால உள்ள நிறைய சூடு சேர்ந்து கிடக்கு, மாவு பட்டதும் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துக்கிட்டே இருக்கும். ஆனா நல்லா காய விடணும், சின்ன தீயில பொறுமையா. அவசரப்பட்டு பெரிய தீ வச்சா நடுவுல கருகும், ஓரம் மாவாவே நிக்கும்.

ஓரத்துல எண்ணெய் விடுறோமே, அது ருசிக்கு மட்டும் இல்ல. மாவு கல்லைத் தொடுற இடத்துலதான் சூடு நேரா ஏறுது, தொடாத இடத்துல நடுவுல காத்து இருக்கு, காத்து சூட்டை லேசுல விடாது. எண்ணெய் அந்த இடைவெளிக்குள்ள போயி உக்காந்துக்குது, காத்தைவிட அது பல மடங்கு நல்லா கடத்தும், அதான் அந்த முறுகல். தோசையைத் திருப்பிப் பாருங்க, கல்லு படாத இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியா தெரியும்.

இப்ப கைப்பிடிக்கு வரேன். எனக்கு கோபமே இதுலதான். கல்லும் கைப்பிடியும் ஒரே வார்ப்பு, குட்டையா, கட்டைவிரல் தடிமன்ல. 1822ல ஃபூரியேங்குற பிரெஞ்சுக்காரரு புத்தகமாவே போட்டுட்டாரு, கடத்துற பொருள் தடிமனா இருந்தா சூடு அதிகமா போகும், நீளமா இருந்தா குறைச்சலா போகும்னு. இந்தக் கல்லு செய்யிறவங்க அதுக்கு நேர்மாறா செஞ்சு வச்சிருக்காங்க. நீளமா ஒரு எவர்சில்வர் பிடி போட்டிருந்தாக்கூட போதும், எவர்சில்வர் இரும்புல மூணுல ஒரு பங்குதான் கடத்தும். மரப்பிடின்னா கேக்கவே வேணாம். முதல் ரெண்டு தோசைக்கு பிடி வெதுவெதுன்னு இருக்கும், நம்பி பிடிப்போம், நாலாவதுல கை வெந்துடும்.

போன வாரம் தங்கச்சி பாத்திரம் தொடச்ச ஈரத்துணியோட அதைத் தூக்கினா, ஈரம் இருந்தா சுடாதுன்னு நினைச்சு. தூக்கி ரெண்டு எட்டு வைக்கிறதுக்குள்ள கத்திட்டா, உள்ளங்கையில நீளமா சிவப்புக் கோடு. காய்ஞ்ச துணியோட நூலுக்கு நடுவுல காத்து இருக்கும், அதுதான் கையைக் காப்பாத்துறது. நனைஞ்சா அந்த இடத்துல தண்ணி வந்துடுது, தண்ணி காத்தைவிட இருபது மடங்குக்கு மேல கடத்தும், சூடு நேரா தோலுக்கு வந்துடும், ஆவியும் சேர்ந்து கிளம்பினா இன்னும் மோசம். தயவுசெஞ்சு சூடான எதையும் ஈரத்துணியால தூக்காதீங்க, பிள்ளைங்க கிட்டயும் சொல்லி வைங்க.

கல்லை மட்டும் பார்த்தா குறையே சொல்ல முடியாது, துரு பிடிக்காம எண்ணெய் தடவி வச்சா ஆயுசுக்கும் வரும், எங்க வீட்டுல இதை விட்டா வேற கல்லுல யாரும் தோசை சாப்பிட மாட்டாங்க. ஆனாலும் அக்கா, இந்த விலைக்கும் அதை வாங்காதீங்க. உங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்க அடுப்படியிலேயே சுத்துது. மரப்பிடி போட்டது வர்ற வரைக்கும் பழைய கல்லுலயே ஊத்துங்க.