பழைய காண்டசா: முதலில் தகரம், அப்புறம் இன்ஜின்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வட்டாரத்தில், அம்பாசடர் செய்த இந்துஸ்தான் மோட்டார்ஸின் காண்டசா கார் இன்னும் விலைக்கு வருகிறது. வருஷக்கணக்கில் ஷெட்டில் நின்றதும் வரும், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு ஓடியதும் வரும். பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் தூக்கி இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு விலை பேசத் தொடங்குகிறார்கள். அம்பாசடருக்கு அது சரி. காண்டசாவுக்குச் சரிவராது. இதில் இன்ஜின் போனால் வேறு இன்ஜின் கிடைக்கும். பாடி அரித்துப் போனால் மாற்றப் பாடி கிடைக்காது.

அதற்குக் காரணம் வண்டியின் பிறப்பு. பாடி இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் வடிவமைத்தது. 1857இல் லண்டனில் பம்பும் கப்பல் இன்ஜினும் செய்யத் தொடங்கிய பட்டறை அது. 1903இல் முதல் கார் செய்தார்கள், 1905இல் லூட்டனுக்கு இடம் மாறினார்கள். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டினை வாங்கப் பேசிப் பார்த்தது, படியவில்லை. 1925இல் வாக்ஸ்ஹாலை வாங்கியது. 1931இல் வந்த பெட்ஃபோர்டு லாரி இந்த வீட்டுப் பிள்ளைதான்.

நமக்கு வேண்டிய கதை 1972இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு விக்டர் எஃப்.இ. என்ற மாடல் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஜெர்மனியில் ஓப்பல் என்று இன்னொரு கம்பெனி இருந்தது. இரண்டு இடத்தில் இரண்டு டிசைன் எதற்கு என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்த காலம். எஃப்.இ.யின் அடித்தளம் ஓப்பல் ரெக்கார்டோடு பகிர்ந்தது. மேல்பாடியும் சஸ்பென்ஷனும் வாக்ஸ்ஹாலின் சொந்தக் கைவேலை. அப்படித் தன் கையால் செய்த கடைசிக் காரும் அதுதான். 1976இல் வி.எக்ஸ். என்று பெயர் மாறியது. 1978இல் அந்த இடத்தில் கார்ல்டன் வந்து உட்கார்ந்தது. அது ஓப்பல் ரெக்கார்டேதான், மூக்கு மட்டும் வேறு.

லூட்டனில் தேவையில்லாமல் போன, பாடித் தகடு அழுத்தும் அச்சுகளை இந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1984இல் காண்டசாவாக இறக்கியது. பாடி வந்தது, வாக்ஸ்ஹால் இன்ஜின் வரவில்லை. அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினையே உள்ளே வைத்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பை ஏறக்குறைய 50 குதிரைசக்தி இழுக்க வேண்டியிருந்தது. ஏ.சி. போட்டுக்கொண்டு ஓவர்டேக் செய்வது நடக்காத காரியம். பிறகு ஜப்பானின் இசுசு 1817 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் 5 கியரும் வந்த பிறகுதான் இது முழு வண்டி ஆயிற்று. அந்த இசுசுவிலும் ஜெனரல் மோட்டார்ஸுக்கு அப்போது பங்கு இருந்தது. இசுசு டீசலும் வந்தது. 2002இல் உற்பத்தி நின்றது.

வாங்குவதென்றால் 1.8 பெட்ரோல் வாங்குங்கள். அதே இன்ஜின் அம்பாசடர் 1800லும் இருந்ததால் பிஸ்டன், கேஸ்கட், வாட்டர் பாடி, டைமிங் செயின் எல்லாவற்றையும் சென்னை ஜி.பி. ரோட்டில் தேடிப் பிடித்துவிடலாம். கதவு, ஃபெண்டர், பின்விளக்கு, கண்ணாடி பீடிங் ஆகியவை எந்த அம்பாசடருக்கும் சேராது. இன்னொரு காண்டசாவை உடைத்தால்தான் உண்டு.

ஆகவே தகரம். தனி சேஸ் இல்லாத பாடி இது. தரைத் தகடும் பக்கப் பெட்டிச் சட்டமும்தான் பாரத்தைத் தாங்குகின்றன. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி ஃபெண்டரின் கீழ்விளிம்பு, கதவின் அடிப்பக்கம், பின்சக்கர வளைவு மூன்றிலும் நகர்த்துங்கள். பிடிக்காமல் வழுக்கினால் அங்கே தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறது. பிறகு கார்ப்பெட்டைத் தூக்கி, டிரைவர் காலடியை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். அரித்தது சொத்தென்று கேட்கும். டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழியில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். பின்கண்ணாடி பீடிங் வழியாக ஒழுகும் நீர் அங்கேதான் தேங்கும். ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கியை ஏற்றும்போதே தகடு உள்ளே அமுங்கினால் பேச்சை நிறுத்திவிடலாம். டிங்கர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் மேலே ஒட்டுத் தகடு வைப்பார், இரண்டு மழைக்காலத்தில் ஒட்டின் ஓரமே துருப்பிடிக்கும். அரித்ததை முழுக்க வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வெல்டு செய்வதுதான் வேலை. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து வண்டி என்றால் உப்புக்காற்றுக்காக இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். எட்டாத அந்தப் பகுதியை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள், வண்டல் கோடு அப்படியே இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தில் செந்துருவும் ஃபியூஸ் பெட்டியில் பச்சைக் களிம்பும் கூடவே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஓட்டம் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பாசடர் பின்புறத்தில் பட்டை ஸ்பிரிங், இதில் காயில். வெண்ணாற்றுக் கரைச்சாலையின் அலைமேட்டில் பின்சீட்டுக்காரர் தூக்கிப்போடப்படுவதில்லை, வண்டி ஒரு முறை மூழ்கி எழுந்து அடங்கிவிடுகிறது. இந்தச் சொகுசுக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் மதகு மேட்டில் சைலன்சர் உரசும். பின் ஆக்சிலைப் பிடிக்கும் ராடுகளின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் வளைவில் வால் ஆடும்; ஆட்டம் தெரிந்தால் புஷ்களை மொத்தமாக மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை.

1.8 இன்ஜினின் எதிரி சூடு. இன்ஜினின் மேல்மூடியான ஹெட் அலுமினியம், ஒருமுறை கொதித்தாலே வளையும். டெல்டாவில் கடலோரக் கைபம்புத் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி உள்ளே கல் கட்டியிருக்கும். சூடு ஏறுகிறதே என்று மெக்கானிக், சூட்டுக்கேற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவார்; காலையில் இன்ஜின் பதமான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும், வெயிலில் சூடு ஏறுவதும் நிற்காது. ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்து, புது தெர்மோஸ்டாட் போட்டு, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி ஊற்றுங்கள். ஹெட்டைத் திறந்தால் ஸ்டிரெயிட் எட்ஜ் என்ற நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, அதன் கீழ் 0.10 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் லேத் பட்டறையில் ஃபேசிங் போட்டுச் சமமாக்காமல் புது கேஸ்கட் வைக்க வேண்டாம், வைத்தாலும் ஊதிவிடும்.

லிட்டருக்கு 8லிருந்து 11 கி.மீ. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸை நைந்துபோக வைக்கும், நிற்கும் வண்டியில் ஈரத்தையும் இழுக்கும். வாங்கிய வாரமே டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் மாற்றிவிடுங்கள். ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பித்ததா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். எல்லாமே 15 ஆண்டு தாண்டிய வண்டிகள்.

வாக்ஸ்ஹாலை 2017இல் ஜெனரல் மோட்டார்ஸ் பிரெஞ்சுக் கார் கம்பெனி பி.எஸ்.ஏ.வுக்கு விற்றது. லூட்டன் ஆலை 2025 மார்ச்சில் மூடப்பட்டது. கம்பெனியில் அடித்த புதுப் பாடித் தகடு இனி எங்கிருந்தும் வராது. ஐப்பசிக்கு முன்பே கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளைக் கம்பி விட்டுக் குத்தி, அடிப்பக்கத்துக்குத் துருத் தடுக்கும் அண்டர்பாடி பூச்சு அடித்து, மண்தரையில் இல்லாமல் சிமென்ட் தளத்தில் நிறுத்துங்கள். தார்ப்பாய் போட்டு மூட வேண்டாம், உள்ளே புழுங்கும். மேலே கூரையும் நாலு பக்கமும் காற்றும் இருந்தால் போதும்.