முதலாவது சிசேரியன், இரண்டாவது நார்மல்: ரெண்டையும் பார்த்தவள் எழுதுவது

முதல் குழந்தை சிசேரியன், இரண்டாவது நார்மல், இடையில் மூன்று வருடம். இரண்டாவது உண்டானதுமே "முதல்ல சிசேரியன்னா அடுத்ததும் அதுதானே" என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள், நானும்தான். அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்று தெரிந்தபோதுதான் தலைவலி ஆரம்பித்தது, ஏனென்றால் இனி நான்தான் முடிவு சொல்ல வேண்டும். இப்போது நான் நார்மல் பக்கம் சாய்ந்தவள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். அதற்காக சிசேரியனைத் திட்டவும் மாட்டேன். என் மூத்தவள் இன்று வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டு ஓடுவதே அதனால்தான்.

சில நேரம் இதில் தேர்வு என்பதே கிடையாது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால், பிரசவ நேரத்திலும் குழந்தை குறுக்கே கிடந்தால், வாய் முழுதாகத் திறக்கும் முன்பே தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் நழுவி வந்துவிட்டால், சிசேரியன்தான், பேச்சே இல்லை. தேதி குறித்துக்கொள்ளும் வசதி சிசேரியனுக்கு உண்டு, வேறு பிரச்சினை இல்லாவிட்டால் 39 வாரம் ஆன பிறகு வைப்பார்கள், அதற்கு முன்னால் எடுத்தால் குழந்தை மூச்சுவிடச் சிரமப்பட வாய்ப்பு கூடுதல். வலி இரண்டிலும் உண்டு, ஒன்றில் முன்னால், மற்றதில் பின்னால். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், மேலே போகலாம்.

முதல் பிரசவத்தில் எனக்குப் பதினான்கு மணி நேரம் வலி. கர்ப்பப்பை வாய் ஏழு சென்டிமீட்டர் திறந்த பிறகு ஒவ்வொரு வலிக்கும் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கியது, மறுபடி ஏற நேரம் எடுத்தது. மானிட்டரில் அந்த டக் டக் சத்தம் மெதுவாகும்போதெல்லாம் அறையில் பேச்சு நின்றுவிடும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று நானே கேட்டேன். முதுகில் ஊசி போட்டதும் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வலி இல்லை, ஆனால் யாரோ பெட்டிக்குள் கையை விட்டு அடியில் கிடக்கும் எதையோ தேடுவது போல இழுப்பதும் தள்ளுவதும் நன்றாகத் தெரிந்தது. சில நிமிடத்தில் அழுகைச் சத்தம். அதற்கப்புறம் அரை மணி நேரத்துக்கு மேல் வெறும் தையல். குழந்தையை எடுப்பது சின்ன வேலை, திறந்ததை ஒவ்வொரு அடுக்காக மூடுவதுதான் பெரிய வேலை.

மறுநாள் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு நடக்கச் சொன்னார்கள், படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறைந்துவிடுமாம். படுக்கையிலிருந்து எழுவதற்கு நர்ஸ் ஒரு முறை சொல்லிக்கொடுத்தார். முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுக்க வேண்டும், ஒரு சின்னத் தலையணையைத் தையல்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும், காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு முழங்கையை ஊன்றி எழ வேண்டும். எழுதும்போது மூன்று வரிதான். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது செய்து பாருங்கள். தும்மல் வந்தால் பயம், சிரிப்பு வந்தால் அதைவிடப் பயம், என் தம்பியை ஒரு வாரம் என் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவைத்தேன். குழந்தையைவிடக் கனமான எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக் கூடாது என்பது தனி.

இரண்டாவது பிறந்து இரண்டு மணி நேரத்தில் நானாக எழுந்து குளியலறைக்குப் போனேன். வீட்டுக்கு வந்த அன்று மூத்தவள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள், உட்கார்ந்து மடியில் வாரிப் போட்டுக்கொண்டேன். சிசேரியனாக இருந்திருந்தால் அன்று அவளைத் தள்ளித்தான் நிறுத்தியிருப்பேன். ஆனால் என் முடிவுக்கு இது காரணம் இல்லை. ஆறு வாரம் எப்படியும் ஓடிவிடும், யாராவது ஒத்தாசைக்கு இருந்தால் இன்னும் சீக்கிரம் ஓடும்.

முடிவைத் திருப்பியது டாக்டர் கேட்ட ஒரு கேள்வி. "இதுக்கு மேலயும் குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருக்காம்மா?" என்றார். "முதல்ல இது நல்லபடியா வெளிய வரட்டும் டாக்டர்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இல்லம்மா, இப்பவே யோசிங்க. வேண்டாம்னா நான் சொல்றது வேற, வேணும்னா வேற."

வயிற்றில் தெரிகிற கோடு ஒன்றுமில்லை, கர்ப்பப்பையில் இருக்கும் தழும்புதான் விஷயம். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின்மேல் போய் ஒட்டினால், சுவருக்குள் வேர்விட்ட மாதிரி வளர்ந்துவிடலாம். பிரசவத்துக்குப் பிறகு அது தானாகக் கழன்று வராது, பிடுங்கப் போனால் ரத்தம் கொட்டும், பல பேருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வருகிறது. அமெரிக்காவில் முப்பதாயிரம் பெண்களின் சிசேரியன்களை வைத்து 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை எண்ணிப் பார்த்தது. முதல் சிசேரியனில் இந்தச் சிக்கல் 0.24 சதவீதம், இரண்டாவதில் 0.31, மூன்றாவதில் 0.57, நான்காவதில் ஒரேயடியாக 2.13. இதுவே நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடியிருந்தால் கணக்கே வேறு: முதல் சிசேரியனில் 3 சதவீதம், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61. இந்த வரிசையைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டோடு நிறுத்துகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை, அந்த முதல் இரண்டு எண்களைப் பாருங்கள், 0.24-உம் 0.31-உம். மூன்று நான்கு என்று நினைப்பவர்களுக்குத்தான் ஒவ்வொரு சிசேரியனும் அடுத்ததின் கணக்கில் ஏறுகிறது. அதை ஏன் முதல் பிரசவத்திலேயே யாரும் சொல்வதில்லை என்று எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

சரி, அப்படியானால் தழும்போடு வலி எடுத்துப் பெறுவது பாதுகாப்பா? "ஒரு முறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்ற பேச்சு 1916-இல் நியூயார்க் டாக்டர் எட்வின் கிராகின் சொன்னதிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்டுவார்கள். வலி எடுக்கும்போது முறுக்கிச் சுருங்குவது அந்த மேல்பகுதிதான், அதனால் தையல் விட்டுப்போகும் பயம் நியாயமானது. இப்போது பெரும்பாலும் அடிப்பகுதியில் குறுக்காக வெட்டுகிறார்கள், அந்த இடம் அவ்வளவு இழுபடுவதில்லை. டாக்டர் மாறிவிட்டார், வெட்டு மாறிவிட்டது, பழமொழி மட்டும் மாறவில்லை.

இங்கே ஒரு சிக்கல். தோலில் குறுக்குக் கோடு இருந்தால் உள்ளேயும் குறுக்கு வெட்டுதான் என்று அர்த்தமில்லை. என் டிஸ்சார்ஜ் பேப்பரில் "சிசேரியன், பெண் குழந்தை, எடை இவ்வளவு" என்று மூன்று வரி, அவ்வளவுதான். ஆபரேஷன் குறிப்பு வேண்டும் என்று முதலில் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை அலைந்தேன், ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர், வேறு ஒரு கவுன்ட்டர். கடைசியில் கிடைத்த தாளில் நான் தேடிய எழுத்துகள் இருந்தன, எல்.எஸ்.சி.எஸ்., அதாவது அடிப்பகுதி வெட்டு. சிசேரியன் ஆன யாராக இருந்தாலும் அந்தத் தாளை வீட்டுக்குப் போகும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களில் நார்மலுக்கு முயல்பவர்களுக்கு நான்கில் மூன்று பேர் அளவுக்கு அது கைகூடுகிறது. பழைய தையல் கிழியும் ஆபத்து 200-இல் ஒன்று. கிழிந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் சில நிமிடங்கள்தான் அவகாசம், அதனால் இந்த ஒன்றைச் சின்ன எண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிரசவத்தில் குழந்தை இறந்துபோகும் ஆபத்து முதல் பிரசவத்துக்கு வருகிற ஒருத்தியுடையதற்கு இணையானதுதான் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. முதல் சிசேரியன் எனக்கு இதயத் துடிப்பால் வந்தது, வழி போதாமல் அல்ல, அதனால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். மூன்று வருட இடைவெளியும் சாதகம். வலியை மருந்து கொடுத்து வரவழைத்தால் கிழியும் ஆபத்து கூடும் என்பதால் தானாக வரக் காத்திருந்தோம். 40 வாரம் தாண்டி இரண்டாம் நாள் வந்தது. நான் கேட்டு உறுதிசெய்துகொண்டது ஒன்றுதான்: ராத்திரியிலும் மயக்க மருந்து டாக்டரும் ஆபரேஷன் அறையும் தயாராக இருக்குமா? இல்லை என்று பதில் வந்திருந்தால் பேசாமல் தேதி குறித்திருப்பேன்.

நான்கில் மூன்று என்றால் மீதி ஒருத்தியும் இருக்கிறாள். முயன்று முடியாமல் அவசர சிசேரியனில் முடிவதுதான் எல்லாவற்றிலும் மோசம், வலியும் பட்டு வெட்டும் பட்டு. தேதி குறித்துச் செய்யும் சிசேரியனைவிட அதில் ரத்த இழப்பு, தொற்று எல்லாம் அதிகம். அந்த ஒருத்தி நானாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் சாய்வு வேறாக இருந்திருக்கும்.

நார்மலுக்கும் விலை உண்டு. சுகப்பிரசவம் என்று பெயர்தான், எனக்குக் கீழே கிழிந்து தையல் போட்டார்கள், பத்து நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார்ந்தேன். இருமினால் சிறுநீர் கசிவது மூன்று மாதம் இருந்தது, இடுப்புத் தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி செய்து செய்துதான் நின்றது. இந்தக் கசிவு நார்மலில்தான் அதிகம், சிசேரியன் ஆனவர்களுக்கு வரவே வராது என்றும் இல்லை, ஒன்பது மாதம் சுமந்ததே பாதிக் காரணம். சிலருக்கு ஆசனவாய் வரை கிழிந்து பல மாதம் அவதிப்படுகிறார்கள், ஆயுதம் போட்டு எடுத்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். இரண்டுமே எனக்கு நடக்கவில்லை, அதனால் அதைப் பற்றி நான் வீராப்பாகப் பேசக் கூடாது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஒப்பிடுவது பதினான்கு மணி நேர வலிக்குப் பிறகு வந்த அவசர சிசேரியனை, நிதானமாக நடந்த ஒரு நார்மலோடு. இது சரியான தராசு இல்லை. என் நாத்தனாருக்கு இரண்டுமே சிசேரியன், இரண்டாவது தேதி குறித்துச் செய்தது. நன்றாகத் தூங்கி எழுந்து போனார், நான்காம் நாள் போனில் பேசும்போது குரலில் களைப்பே இல்லை. மூன்றாவது வேண்டாம் என்று முன்பே முடிவெடுத்திருந்தார். "நீ உன் கணக்கைப் பாரு, நான் என் கணக்கைப் பார்த்துட்டேன்" என்றார், அவர் கணக்கில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை.

அந்த ஆபரேஷன் குறிப்பையும் இரண்டாவது பிரசவத்தின் தாளையும் ஒரே ஃபைலில் போட்டு அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். மூன்றாவது வேண்டுமா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.