இனிப்பு உணவகத்துக்கு என்ன பெயர்: ஊர்ப்பெயரா, சாமி பெயரா, ஆங்கிலமா, தனிச்சொல்லா?

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் என்று டெல்டா முழுக்க இப்போது இனிப்புக்கென்றே உட்கார்ந்து சாப்பிடும் கடைகள் வருகின்றன. சூடான அசோகாவின் (பாசிப்பருப்பு அல்வா) மேல் ஒரு கரண்டி வெனிலா, சந்திரகலா, பலூடா, ரோஸ் மில்க், வாஃபிள் என்று மெனு சீக்கிரம் முடிவாகிவிடும். பெயரில்தான் வீட்டுக்குள்ளேயே இழுபறி. அப்பா சாமி பெயர் வேண்டும் என்பார், பிள்ளை ஆங்கிலம் கேட்பான், பங்குதாரர் ஊர்ப்பெயரை விடமாட்டார். எங்கள் கடைக்கு நாங்கள் எடுத்தது இந்த மூன்றும் இல்லாத நான்காவது வழி: இனிப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சாதாரணத் தமிழ்ச் சொல். இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

சொல்ல எளிதாக, எழுதச் சின்னதாக, கெட்ட அர்த்தம் வராததாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. முடிவைத் தீர்மானிக்க வேண்டியது வேறு ஒன்று. கடை நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு அந்தப் பெயர் உங்கள் கையில் இருக்குமா? நம் பக்கத்தில் ஒரு கடை பேர் வாங்கினால் அதே தெருவில் ‘நியூ’ ஒன்றும் ‘ஒரிஜினல்’ ஒன்றும் முளைக்கும். அண்ணன் தம்பி பிரிந்தால் இரண்டு பலகையிலும் ஒரே பெயர் நிற்கும். அப்போது யார் கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்தக் காகிதம் கிடைக்குமா கிடைக்காதா என்பது பெயரைத் தேர்ந்தெடுத்த அன்றே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். ‘கும்பகோணம் இனிப்பகம்’, ‘தஞ்சை டெசர்ட்ஸ்’ போன்ற பெயர்கள் முதல் நாளே வேலை செய்யும். வெளியூர்க்காரர் பலகையைப் பார்த்ததும் நுழைவார். ஆனால் அந்த ஈர்ப்பு ஊருடையது, உங்களுடையது இல்லை. நெடுஞ்சாலைகளில் வரிசையாக நிற்கும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகளைப் பாருங்கள். வாசலில் பித்தளை டபரா செட்டு அடுக்கிய கடைகள் எத்தனையோ. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, ஒருவர் இன்னொருவரைத் தடுக்கவும் முடியாது. கடைப்பெயரைத் தனி உரிமையாகப் பதிய உதவும் 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: பொருளின் வகை, தரம், அது வரும் ஊர் ஆகியவற்றை மட்டுமே சொல்லும் பெயரைப் பொதுவாகப் பதிய மாட்டார்கள். புவிசார் குறியீடு வாங்கிய பெயர் என்றால் அதற்குத் தனிச் சட்டத் தடையும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இலும் கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-இலும் அந்தப் பட்டியலுக்குள் வந்தன. நாளை நம் பக்கத்து இனிப்பு எதுவும் வரலாம்.

தஞ்சாவூரில் பாம்பே ஸ்வீட்ஸ் நிற்கவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நீண்ட காலம் விடாமல் பயன்படுத்தி, ஜனங்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே அந்தக் கடையைத்தான் நினைப்பார்கள் என்று நிரூபிக்க முடிந்தால் ஊர்ப்பெயருக்கும் பதிவு கிடைக்கச் சட்டம் இடம் விடுகிறது. ஆனால் அது தலைமுறை கண்ட கடைகளுக்கான வழி. இன்று திறக்கிற கடை அதை நம்பிப் பெயர் வைக்கக் கூடாது.

பண்டத்தின் பெயரை வைப்பதும் இதே வகை. ‘அசோகா கடை’ என்று வைத்தால் திருவையாற்றில் பாசிப்பருப்பு வேக வைக்கிற யாரையும் நீங்கள் ஒன்றும் சொல்ல முடியாது. நீடாமங்கலம் பால்திரட்டுக்கும் அப்படித்தான். இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. பெயரில் ‘ஐஸ்கிரீம்’ என்று போட்டுவிட்டு, செலவைக் குறைக்கத் தாவரக் கொழுப்பு கலந்த சரக்கை வாங்கினால், சட்டப்படி அது ‘ஃப்ரோசன் டெசர்ட்’. பலகை ஒன்று சொல்லும், டப்பா வேறொன்று சொல்லும். ‘ஒரிஜினல்’, ‘பாரம்பரிய’, ‘பியூர்’ போன்ற சொற்களுக்கும் 2018-இல் வந்த உணவு விளம்பர விதிமுறைகளில் நிபந்தனைகள் இருக்கின்றன. பிராண்ட் பெயரிலேயே அப்படி ஒரு சொல் இருந்து அது வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்குமென்றால், ‘இது பிராண்ட் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிக்காது’ என்ற பொருளில் குறைந்தது 3 மில்லிமீட்டர் எழுத்தில் லேபிளில் அச்சடிக்க வேண்டும். அல்வா டப்பா மேல் அந்த வரியோடு எவ்வளவு விற்கும்?

சாமி பெயருக்கு வருவோம். வைப்பவர் மனதுக்கு அது தரும் நிம்மதியை நாங்கள் மதிக்கிறோம். கல்லாவுக்கு மேல் படம் மாட்டி, பில் புத்தகத்தின் தலையில் ‘உ’ போட்டு அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கடைப்பெயராக வைத்தால் நடப்பது வேறு. ஆர்டர் எடுக்க வந்த பையன் போனில் கேட்பான்: “அண்ணே, மகாமகக் குளத்துக்கிட்ட நிக்கிறேன். ஸ்ரீ மகாலட்சுமின்னு மூணு போர்டு தெரியுது. ஒண்ணு நகைக்கடை, ஒண்ணு ஸ்டோர்ஸ். உங்களுது எதுங்கண்ணே?” மேப்பில் தேடினாலும் அதே நெரிசல்தான். சட்டத்திலும் பிடிமானம் குறைவு. ஊதுபத்திக்கு ஒரு புனித நூலின் பெயரைத் தனி உரிமையாகக் கேட்ட வழக்கில், அப்படி யாரும் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. தாத்தா பெயர், குடும்பப் பெயர் வைத்தால் நிலைமை சற்று மேல். ஆனாலும் அதே பெயருள்ள இன்னொருவர் நேர்மையாகத் தன் சொந்தப் பெயரில் கடை நடத்தினால் அதே டிரேட்மார்க் சட்டத்தின் 35-ஆம் பிரிவு அவருக்குத் துணை நிற்கும். பங்காளிகளுக்குள் பிரிவினை வந்தால் எல்லோரும் ஒரே தாத்தாவின் பேரர்கள்தானே.

ஆங்கிலப் பெயரைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்வீட், சுகர், கிரீம், ஸ்கூப், மெல்ட் ஆகிய நான்கைந்து சொற்களைத்தான் எல்லோரும் மாற்றி மாற்றிக் கோர்க்கிறார்கள். அவையும் பண்டத்தை வர்ணிக்கிற சொற்களே. தமிழ்நாட்டில் பலகை தமிழில் பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்பது அரசு சொல்லும் அளவு. எனவே அந்த ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில்தான் பெரிதாக எழுத வேண்டியிருக்கும், அது அவ்வளவு அழகாக அமைவதில்லை. வல்லம் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளை மட்டும் நம்பிப் போடும் கடைக்கு ஆங்கிலப் பெயர் எடுபடலாம். அந்தக் கூட்டத்தோடு எங்களுக்குப் பழக்கம் குறைவு, அடித்துச் சொல்ல மாட்டோம். காரைக்காலில் போடுவதென்றால் அது புதுச்சேரி நிர்வாகம், பலகை விதியை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனித் தனிச்சொல். உதாரணத்துக்கு ‘வரப்பு’ என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் தெரிந்த, வயலில் புழங்கும் சொல். இனிப்போடு எந்த ஒட்டும் இல்லை. அந்த ஒட்டின்மைதான் அதன் பலம். பண்டத்தை வர்ணிக்காத சொல் என்பதால் 9-ஆம் பிரிவு குறுக்கே வராது. ஏற்கெனவே வேறு யாரும் உணவுத் துறையில் எடுத்திருக்கிறார்களா என்பது மட்டும்தான் பாக்கி. இருட்டுக்கடை என்றால் நெல்லை அல்வா நினைவுக்கு வருவதற்கு அந்தச் சொல்லில் சர்க்கரையோ நெய்யோ காரணமில்லை. அர்த்தத்தைப் பண்டம்தான் கொடுத்தது.

ஆனால் எந்தத் தமிழ்ச் சொல்லும் சரிப்படாது. ‘மதகு’ அழகான சொல். ஆங்கில எழுத்தில் ஒருவர் ‘த’வுக்கு ஒரு மாதிரி, ‘கு’வுக்கு ஒரு மாதிரி எழுத, நான்கு விதமாகிவிடும். ழகரம் வந்தால் இன்னும் மோசம். இன்ஸ்டாகிராமில் தேடுகிறவர், ஆப்பில் தேடுகிறவர், ஜிபே-யில் பெயரைச் சரிபார்க்கிறவர் மூவரும் மூன்று விதமாக அடிப்பார்கள். ‘காவேரி’க்கும் இந்தச் சிக்கல் உண்டு. சோதனை சுலபம்: பெயரை ஐந்து பேரிடம் போனில் சொல்லி, ஆங்கில எழுத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நான்கு பேராவது ஒரே மாதிரி எழுதினால் வைத்துக்கொள்ளலாம். அதில் ஒருவர் வடமாநிலத்து மாஸ்டராக இருந்தால் நல்லது. பார்சல் மேல் பெயர் எழுதப்போவது பெரும்பாலும் அவர்தான்.

பலகைக் கணக்கையும் போட்டுவிடுங்கள். 10 அடிப் பலகையில் இரு பக்கமும் ஒவ்வோர் அடி விட்டால் எழுத்துக்கு 96 அங்குலம். ‘வரப்பு’ நான்கு எழுத்து, ஓர் எழுத்துக்கு 24 அங்குலம் வரை இடமிருக்கிறது, பலகையின் உயரம்தான் எல்லை. ‘கும்பகோணம் பாரம்பரிய இனிப்பகம்’ 18 எழுத்து. கொம்பும் காலும் இடைவெளியும் சேர்த்தால் ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 4 அங்குலம்தான். ஓடும் பஸ்ஸிலிருந்து அதைப் படிக்க முடியாது. அக்ரிலிக் எழுத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள்: புள்ளி ஒரு தனித் துண்டு. வெயிலில் பசை இளகி முதலில் விழுவது அதுதான். நிறைய மெய்யெழுத்து உள்ள பெயர் இரண்டு கோடை தாண்டினால் வேறு மாதிரி படிக்கப்படும். புள்ளியை ஒட்டாமல், பின்பக்கம் திருகு போட்டு மாட்டச் சொல்லுங்கள்.

தனிச்சொல்லின் குறையையும் சொல்ல வேண்டும். முதல் சில மாதம் உள்ளே என்ன விற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பெயரின் கீழே ‘இனிப்பும் ஐஸ்கிரீமும்’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி போதும். அதை மேப்பில் பெயரோடு சேர்த்துப் போடாதீர்கள். பலகையில் உள்ள உண்மையான பெயரைத் தவிர வேறு சொற்களைச் சேர்ப்பது கூகுளின் விதிக்கு எதிரானது, பக்கத்தையே முடக்கிவிடலாம். என்ன கடை என்பதை வகைப் பகுதியில் குறித்தால் போதும்.

வரிசையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பலகை, அட்டைப் பெட்டி எல்லாம் அடித்த பிறகு டிரேட்மார்க் பார்ப்பார்கள். முதலில் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடுங்கள், தேடுவது இலவசம். எழுத்து ஒத்திருப்பதை மட்டுமல்ல, ஒலி ஒத்திருப்பதையும் பாருங்கள். பதிவகம் பொருளையும் சேவையையும் எண் போட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியவை: உணவகச் சேவைக்கு 43, இனிப்பு, கேக், ஐஸ்கிரீமுக்கு 30, பாட்டிலில் அடைத்த பால் பானம் விற்பதாக இருந்தால் 29. தனிநபராக இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். 43-ம் 30-ம் சேர்த்து 9,000. கூட்டு நிறுவனம் உத்யம் சான்று (சிறு தொழில் பதிவுச் சான்று) காட்டாவிட்டால் இது இரட்டிப்பாகும், ஆகவே உத்யமை முதலில் வாங்கிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஏஜென்டுகள் பலர் லோகோவாகவே போட்டுக் கொடுப்பார்கள். சுலபமாகப் பாஸாகும் என்பது காரணம். அதில் பாதுகாப்பு அந்த முழு வடிவத்துக்குத்தான். வேறு எழுத்துருவில் அதே பெயரை எழுதி வருபவரோடு மல்லுக்கட்டுவது கடினம். பெயரைச் சொல்லாகவே பதியுங்கள். தமிழ் எழுத்தில் கொடுத்தால் ஆங்கில ஒலிபெயர்ப்பும் பொருளும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். லோகோவையும் பிறகு பதிய நினைத்தால் கறுப்பு வெள்ளையில் கொடுங்கள், எல்லா நிறத்துக்கும் அது செல்லும். விண்ணப்பத்தில் ஏஜென்டின் மின்னஞ்சலோடு உங்களுடையதும் இருக்கட்டும். பதிவகத்திலிருந்து ஆட்சேபம் சொல்லும் பரிசோதனை அறிக்கை வந்தால் பதில் சொல்ல 30 நாள்தான், ஏஜென்டு பார்க்காமல் விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பதிவகத்தின் டிரேட்மார்க் இதழில் வெளியான பின் யாரும் எதிர்க்க 4 மாதம் அவகாசம். விண்ணப்பம் போட்டதுமே பெயருக்குப் பக்கத்தில் ‘டிஎம்’ போடலாம். வட்டத்துக்குள் இருக்கும் ‘ஆர்’ பதிவுக்குப் பிறகுதான், முன்பே போடுவது குற்றம்.

விண்ணப்ப எண் கைக்கு வந்த பிறகு உணவு உரிமம், ஜிஎஸ்டி, நடப்புக் கணக்கு என்று போங்கள். எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்க வேண்டும். கியூஆர் ஸ்கேன் செய்ததும் பலகையில் இல்லாத பெயர் திரையில் வந்தால் வாடிக்கையாளர் பணம் போடாமல் தலை நிமிர்ந்து பார்ப்பார்.

பங்குதாரரோடு கடை என்றால், பிரிந்தால் பெயர் யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் பதிவும் சண்டைப் பொருள்தான். பதிவு 10 ஆண்டுக்கு, புதுப்பிக்க ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். விண்ணப்பத்துக்கு முன்பே கடை திறந்துவிட்டீர்கள் என்றால் முதல் மாத பில்கள், பலகைக்காரர் கொடுத்த ரசீது, பெட்டி அச்சடித்த பில், தேதியோடு எடுத்த வாசல் படம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நாளை யாராவது தாங்கள்தான் முதலில் வைத்தோம் என்று வந்தால், உங்கள் பயன்பாடு எப்போது தொடங்கியது என்பதைக் காட்டப் பிரமாணப் பத்திரத்தோடு கேட்கப்படுவது இந்தத் துண்டுச் சீட்டுகள்தான்.