எக்செல்ல வாரக் கணக்குக்கு எது ஒத்து வருது: வீக்நம்மா, பிவட்டா, திங்கக்கிழமை தேதியா?

டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல மாமாவோட மசாலா கடைக்கு கணக்கு பாக்குறது நான்தான். ராத்திரி கல்லாவ எண்ணி முடிச்சதும் எக்செல்ல தேதி ஒரு காலம் (மேலேர்ந்து கீழ போற வரிசை, column), வியாபாரம் ஒரு காலம்னு ஏத்திருவேன். ஆனா மாமாவுக்கு தினக்கணக்கு வேண்டாம், "போன வாரம் எவ்வளவுடா ஆச்சு, அதுக்கு முந்தின வாரம் எவ்வளவு?" இது மட்டும்தான் வேணும், ஏன்னா திங்கக்கிழமை காலைல மிளகாய்த்தூள் எத்தனை மூட்டை ஆர்டர் போடணும்னு அத வச்சுதான் முடிவு பண்ணுவாரு.

மொதல்ல எல்லாரும் பண்றதுதான் நானும் பண்ணேன், ஏழு வரிக்கு ஒரு சம். கிறிஸ்துமஸ் அன்னைக்கு கடை லீவு, அந்த வரிய போடவே இல்ல, அதுக்கப்புறம் வந்த வாரம் பூரா ஒரு நாள் தள்ளி தள்ளி போயிருச்சு. அது அதோட முடிஞ்சுது.

அடுத்து வீக்நம் (WEEKNUM), ஒரு தேதி வருஷத்துல எத்தனாவது வாரம்னு சொல்ற பார்முலா. பக்கத்து காலத்துல வார நம்பர எடுத்து, சம்இஃப்ஸ்ல (SUMIFS) அந்த நம்பருக்கு உள்ளத மட்டும் கூட்டுறது. பதினோரு மாசம் அருமையா ஓடும். பிரச்சினை வருஷக் கடைசியிலதான், அத கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா நான் வழிய மாத்துனதே இதனாலதான்.

2024 டிசம்பர் 30 திங்கக்கிழமை. வாரம் திங்கள்ல தொடங்குற மாதிரி வச்சா வீக்நம் அந்த திங்களுக்கும் செவ்வாய்க்கும் 53னு சொல்லுது, புதன் ஜனவரி 1 வந்ததும் 1னு சொல்லுது. ஒரே வாரம் ரெண்டு துண்டு. அதோட நிக்கல, என் ஷீட்ல 2024ம் 2025ம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருந்துச்சு, வருஷத்த தனியா பிரிக்கல, அதனால 1வது வாரம்னு கேட்டா 2024 ஜனவரியோட ஏழு நாளும் 2025ஓட அஞ்சு நாளும் சேந்து வருது. பன்னெண்டு நாள் வாரம்! மாமா அந்த நம்பர பாத்துட்டு "நல்லா ஓடியிருக்கேடா"ன்னு சந்தோஷமா வேற ஆயிட்டாரு.

சரின்னு ஐஎஸ்ஓவீக்நம்முக்கு (ISOWEEKNUM, ஐஎஸ்ஓ முறைல வாரத்த எண்ணுறது) மாறினேன், அது எக்செல் 2013லேர்ந்து இருக்கு, வாரத்த உடைக்காது. ஆனா அது டிசம்பர் 30ஐ அடுத்த வருஷத்து 1வது வாரம்னு கணக்கு வைக்குது, நான் பக்கத்துல இயர் (YEAR) பார்முலா போட்டு வருஷத்தையும் ஒட்டினேன், அது 2024னுதானே சொல்லும், அதனால அந்த ரெண்டு நாள் காசு போன ஜனவரில போய் உக்காந்துருச்சு.

பிவட் டேபிள், அதாவது வரிய எல்லாம் எக்செலே தொகுத்து சுருக்கிக் காட்டுற அட்டவணை, பாக்க அழகு, பார்முலாவே வேண்டாம். க்ரூப்ல நாள்னு மட்டும் வச்சு 7 போட்டா வாரம் வந்துரும், தொடக்க தேதிய ஒரு திங்கக்கிழமையா நாமதான் மாத்தணும், இல்லேன்னா டேட்டால மொத தேதி என்ன கிழமையோ அதுலேர்ந்து எண்ணும். வாரமும் மாசமும் ஒண்ணா க்ரூப் பண்ண விடாது. தேதி காலத்துல ஒரே ஒரு செல் எழுத்தா இருந்தாலும் க்ரூப் பண்ண முடியாதுன்னு முரண்டு பிடிக்கும். எல்லாத்தையும் விட, ரிஃப்ரெஷ் பண்ணாம புது வரி அதுல ஏறாது. நான் லீவுல இருந்தப்ப மாமா தானா திறந்து பழைய கணக்க பாத்து ஆர்டர் போட்டுட்டாரு, மல்லித்தூள் பத்தல.

இப்ப வச்சிருக்கிறது திங்கக்கிழமை தேதி. வார நம்பரே கிடையாது, ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்துல அந்த வாரத்து திங்கள் என்ன தேதின்னு நிக்கும்: =இன்ட்(ஏ2)-வீக்டே(ஏ2;3), இங்கிலீஷ்ல =INT(A2)-WEEKDAY(A2;3), ஏ2ல தேதி இருக்கு. அந்த 3 போட்டா திங்கள் 0, ஞாயிறு 6னு எண்ணும். ஜனவரி 1 புதனுக்கு 2 வரும், ரெண்டு நாள் கழிச்சா டிசம்பர் 30. வருஷம் மாறுறது அதுக்கு தெரியவே தெரியாது, தேதிங்கிறது எக்செலுக்கு வெறும் நம்பர்தானே. இன்னொரு பக்கம் மொத திங்கள நான் அடிச்சுட்டு, அதுக்குக் கீழ மேல உள்ளதோட 7 கூட்டி இழுத்துட்டேன், பக்கத்துல சம்இஃப்ஸ். லீவு நாள் வரி இல்லேன்னாலும் கவலை இல்ல. இன்ட் எதுக்குன்னா, கார்டு மெஷின்லேர்ந்து வர்ற லிஸ்ட்ல தேதியோட மணியும் ஒட்டிக்கிட்டு வரும், அத வெட்டலேன்னா தேதி பொருந்தாம மொத்தம் 0னு காட்டும், ஒரு சாயங்காலம் பூரா மண்டைய உடைச்சிருக்கேன்.

குறை இல்லாம இல்ல. காலியான வரி வரைக்கும் பார்முலாவ இழுத்து விட்டா அங்கல்லாம் வெறும் கட்டம் கட்டமா ######னு நிக்கும், அதுக்கு டேபிளா மாத்திட்டா புது வரிக்கு மட்டும் தானா இறங்கிரும். பிவட்தான் பிடிக்கும்னா இந்த திங்கள் காலத்தையே பிவட்ல போட்டுக்கலாம், ரிஃப்ரெஷ் தலைவலி மட்டும் மிச்சம். கூகுள் ஷீட்ஸ்ல நான் போன்ல திறந்து பாத்ததோட சரி, அதுல எது வேகம்னு என்கிட்ட கேக்காதீங்க.

இன்னொண்ணு, இங்க தென்னாப்பிரிக்கா செட்டிங்ல காசுக்கு புள்ளி கிடையாது, 245,50னு கமாதான், அதனால பார்முலாக்குள்ள பிரிக்கிறதுக்கு அரைப்புள்ளி போடணும். சென்னைலேர்ந்து தம்பி வாட்ஸ்அப்ல அனுப்புறத அப்படியே ஒட்டி எரர் வந்துச்சுன்னா அவன திட்டாதீங்க, கமாவ மாத்துங்க.