சஞ்சார் சாத்தி ஆப் ரிவ்யூ: எதைச் சாத்துறாங்கன்னு பாப்போம்

மொதல்ல இந்தப் பேரு. ஹிந்தில சாத்தின்னா கூட வர்ற துணை, அது சரி, ஆனா எங்க அம்மாகிட்ட "சஞ்சார் சாத்தி போட்டுக்கோம்மா"ன்னு சொன்னப்போ "எதைடா சாத்தணும், வாசக் கதவையா"ன்னு கேட்டாங்க. அப்ப சிரிச்சேன், ரெண்டு மாசம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம் யோசிச்சா அம்மா கேட்டது ஒண்ணும் தப்பான கேள்வி இல்ல.

தெரியாதவங்களுக்கு: இது மத்திய அரசோட தொலைத்தொடர்புத் துறை விட்ட ஆப். வெப்சைட் 2023லயே வந்துடுச்சு, ஆப் 2025 ஜனவரில வந்துச்சு. எங்கப்பா போனை பஸ்ல தொலைச்சிட்டு வந்து நின்னப்பதான் நான் இதைத் தேடிப் போனேன். ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் குடுத்து அந்தக் காப்பி, போன் வாங்குன பில்லு, ஒரு ஐடி, அப்புறம் அதே நம்பருக்கு புது சிம் (ஓடிபி அதுலதான் வரும்), இவ்வளவும் கையில இருந்தா ஐஎம்இஐ நம்பரை (ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்குற அடையாள நம்பர்) போட்டு பிளாக் பண்ணிடலாம். அதுக்கப்புறம் எடுத்தவன் எந்த சிம்மைப் போட்டாலும் இந்தியால எந்த நெட்வொர்க்லயும் அந்த போன் வேலை செய்யாது. பில்லைத் தேடுறதுக்குத்தான் எங்களுக்கு ஒரு நாள் ஆச்சு, பீரோல சேலைக்கு அடில கிடந்துச்சு. போன் இன்னும் கிடைக்கல, ஆனா யாரோ அதுல அப்பா பேர்ல ஏதாவது பண்ணிடுவானோங்குற பயம் போச்சு, அதுவே பெருசு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொரு விஷயம், உங்க பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு காட்டும். ஒரு ஆளுக்கு 9 வரைக்கும் அனுமதி. என் பேர்ல மூணு காட்டுச்சு, ரெண்டு என்னோடது, மூணாவது யாருன்னே தெரியல! காலேஜ் படிக்கிறப்போ ரோட்டோரம் குடை போட்டு சிம் வித்தவங்ககிட்ட ஆதார் ஜெராக்ஸும் போட்டோவும் கணக்கு வழக்கில்லாம குடுத்திருக்கோம், அதோட பலன்னு நினைக்கிறேன். "என் நம்பர் இல்ல"ன்னு குறிச்சு அனுப்பிட்டேன். இதுக்காகவே எல்லாரும் ஒரு தடவை பாத்துடுங்க.

இப்ப அனுமதி சமாச்சாரத்துக்கு வருவோம். ஆண்ட்ராய்டுல போன் கால், எஸ்எம்எஸ், கால் லாக், கேமரா, ஃபைல்னு வரிசையா கேக்குது, ஃபிராடு காலை ரிப்போர்ட் பண்ண லாக் வேணும், ஐஎம்இஐ நம்பரை ஸ்கேன் பண்ண கேமரா வேணும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் சொல்றாங்க. காரணம் நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஒரு டார்ச் லைட் ஆப் இவ்வளவு கேட்டா நாம அழிச்சிடுவோம், கவர்மெண்ட் கேட்டா மட்டும் ஏன் யோசிக்காம "அலவ்" அமுக்குறோம்?

இதோட நின்னிருந்தா நாலு ஸ்டார் குடுத்துட்டுப் போயிருப்பேன். ஆனா 2025 நவம்பர் 28 தேதி போட்டு ஒரு உத்தரவு, இனிமே விக்கிற எல்லா போன்லயும் இந்த ஆப்பை கம்பெனியே 90 நாளுக்குள்ள ஏத்திக் குடுக்கணும், அதோட வசதிகளை முடக்கவும் கூடாது அப்படின்னு. டிசம்பர் 1 விஷயம் வெளிய வந்துச்சு, மறுநாள் காங்கிரஸோட பிரியங்கா காந்தி இது உளவு பாக்குற ஆப்னு சொன்னாங்க, அன்னைக்கே தொலைத்தொடர்பு அமைச்சர் சிந்தியா "வேணாம்னா அழிச்சுக்கலாமே"ன்னாரு (உத்தரவுல அப்படி ஒரு வரி இல்ல சார்), டிசம்பர் 3 உத்தரவையே வாபஸ் வாங்கிட்டாங்க. நல்ல பொருளை எதுக்கு வாயில திணிக்கணும், வேணும்ங்குறவன் தானா இறக்கிக்கப் போறான், ஏற்கெனவே ஒரு கோடிக்கு மேல டவுன்லோடு ஆயிருக்குன்னு அவங்களே சொல்றாங்க.

சரி, எதிர்க்கட்சி கத்துனதால தப்பிச்சோம்னு அவங்களுக்கு மாலை போடலாமான்னா, அங்கதான் சிக்கல். ஆதாரை 2009ல ஆரம்பிச்சது காங்கிரஸ் ஆட்சி. அப்ப பாஜகவோட யஷ்வந்த் சின்ஹா தலைமைல இருந்த நாடாளுமன்றக் குழு 2011ல அந்த மசோதாவையே திருப்பி அனுப்புச்சு, 2014 தேர்தல் நேரத்துல மோடியே ஆதாரால வர்ற பாதுகாப்பு ஆபத்தைப் பத்தி கேட்டேன், பதில் இல்லன்னு ட்வீட் போட்டாரு. ரெண்டே வருஷம், அதே ஆதாரை 2016ல பண மசோதாவா (மாநிலங்களவை தடுக்க முடியாத வகை) நிறைவேத்துனது அவரோட ஆட்சி. உடனே காங்கிரஸுக்கு பிரைவசி ஞாபகம் வந்துடுச்சு.

இணையத்துல புண்படுத்துற மாதிரி எழுதுனா கைது பண்ணலாம்ங்குற 66ஏ பிரிவு மட்டும் என்ன, 2008ல ஐடி சட்டத்துல சேத்தது காங்கிரஸ் கூட்டணி ஆட்சி, 2012ல ஒரு மத்திய அமைச்சரோட மகனைப் பத்தி ட்வீட் போட்டதுக்கு புதுச்சேரி வியாபாரி ஒருத்தரைத் தூக்குனது அந்தப் பிரிவுலதான், 2015ல சுப்ரீம் கோர்ட் தான் அதை ரத்து பண்ணுச்சு. 2018 டிசம்பர்ல 10 ஏஜென்சிகளுக்கு கம்ப்யூட்டரை ஒட்டுப் பாக்க அனுமதின்னு உள்துறை சொன்னப்போ காங்கிரஸ் குதிச்சுது, அப்ப நிதியமைச்சரா இருந்த ஜெட்லி ஒரே போடா போட்டாரு, இந்த விதியே நீங்க 2009ல எழுதுனதுதானேன்னு. ரெண்டு பேரும் ஒரே சாவியத்தான் மாத்தி மாத்தி வச்சிருக்காங்க, சாவி கையில இல்லாதவன் மட்டும் திருடன் திருடன்னு கத்துறான்.

2024 தேர்தல் அறிக்கைகளையும் எடுத்துப் பாத்தேன். பாஜக அறிக்கைல 6ஜி, செமிகண்டக்டர்னு டெக்னாலஜி பக்கம் ஜோரா இருக்கு. காங்கிரஸ் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துல பேச்சுரிமையையும் பிரைவசியையும் மீறுற பிரிவுகளை எடுப்போம்னு எழுதியிருக்கு, எழுத்துல பாத்தா இதுதான் உருப்படியான வாக்குறுதி, ஏன்னா அந்தச் சட்டம் நிறைவேறுன வாரம் எதிர்க்கட்சி எம்பிக்கள் 146 பேர் சஸ்பெண்ட் ஆகி வெளிய நின்னாங்க, விவாதமே சரியா நடக்கல. மார்க்சிஸ்ட் கட்சி யுஏபிஏவையே (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) ரத்து பண்ணணும்னு சொல்லுது. ஆனா ஆட்சிக்கு வர வாய்ப்பு குறைவா இருக்குற அளவுக்கு வாக்குறுதி தைரியமா இருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2023ல வந்துச்சேன்னு கேப்பீங்க. அதுல 17வது பிரிவைப் படிங்க, நாட்டோட பாதுகாப்பு, பொது ஒழுங்குன்னு சொல்லி எந்த அரசு அமைப்புக்கு வேணும்னாலும் மத்திய அரசு விலக்கு குடுக்கலாம். கடைக்காரன் என் நம்பரை வித்தா அபராதம், ஆனா இந்த ஆப்பை வச்சிருக்குறது கவர்மெண்ட், விலக்கு குடுக்குறதும் கவர்மெண்ட். என் கால் லாக்கை யார் பாத்தாங்கன்னு நான் யார்கிட்ட போய் கேக்குறது? கவர்மெண்டுக்கு வெளிய இருந்து வர்ற ஒரு நீதிபதி கையெழுத்து போட்டாத்தான் ஒட்டுக் கேக்கலாம்னு ஒரு வரி, அது எந்தக் கட்சி அறிக்கைல வருதோ அன்னைக்கு என் ஸ்டாரை ஏத்துறேன்.

அதுவரைக்கும் என் ரேட்டிங்: வேலைக்கு 4, நம்பிக்கைக்கு ஒண்ணரை. நான் ஆப்பை அழிச்சிட்டேன், ஏன்னா சிம் செக் பண்றதும் போன் பிளாக் பண்றதும் அதே பேர்ல இருக்குற வெப்சைட்ல ஓடிபி போட்டாலே நடக்குது, கால் லாக் எதுவும் குடுக்க வேணாம். செகண்ட் ஹேண்ட் போன் வாங்குறவங்க *#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐ நம்பரை எடுத்து, கேஒய்எம்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி இடம் விட்டு அந்த நம்பரைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புனா போதும், திருட்டு போனான்னு தெரிஞ்சுடும். அப்பாவுக்கு புது போன் வாங்குறப்போ கடை வாசல்லயே நின்னு இதைப் பண்ணேன், கடைக்காரர் கொஞ்சம் மொறச்சாரு, பரவால்ல. பில்லை இந்தத் தடவை போட்டோ எடுத்து வச்சுட்டேன்.