அந்தமானின் ரங்கத் ஊரில் கடலடிக் கேபிள் இணையம்: நான்கு வருடப் பயன்பாடும் ஒரு கறுப்புப் பெட்டியும்

நேற்று மாலை நாலரை மணிக்கு மோடத்தில் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தது. பதினோரு நாள் கழித்து. கடையில் இருந்த நாலு பேரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

இதை இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணம் என் மனைவியின் தம்பி. மதுரையில் இருந்துகொண்டு ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறான். "மாமா, அக்கா வீட்டுல ஒரு வருஷம் வந்து இருக்கலாம்னு பாக்குறேன். அங்க நெட் தாங்குமா?" என்று போன மாதம் கேட்டான். தாங்கும் என்று சொல்ல வாயெடுத்த வாரத்தில்தான் லைன் போனது. அவனுக்கும், அவனைப் போல மெயின்லேண்டிலிருந்து கேட்கிற மற்றவர்களுக்கும் இந்தப் பதில்.

அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேயரில் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) அடிக்கல் நாட்டினார்கள், 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் காணொளி வழியாகத் திறந்து வைத்தார். சென்னையிலிருந்து போர்ட் பிளேயர், அங்கிருந்து மத்திய அந்தமான் தீவில் இருக்கும் எங்கள் ரங்கத், மற்றத் தீவுகள், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். கொரோனா காலத்தில், கப்பலே ஒழுங்காக ஓடாத நாட்களில் அந்த வேலையை முடித்தார்கள். அதை நான் இன்றைக்கும் மரியாதையோடுதான் நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் கடைக்கும் ஃபைபர் வந்து சேர இன்னும் ஒரு வருடம் ஆனது. நான் பேசுவது அதற்குப் பிறகான நான்கு வருடம்.

வேகத்தைப் பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. முன்பு இந்தத் தீவுகள் அத்தனைக்கும் சேர்த்து சாட்டிலைட்டில் சில ஜிகாபிட்தான். இப்போது சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் நடுவில் மட்டும் 200 ஜிகாபிட் பாதை இரண்டு. அந்த வித்தியாசத்தைக் கடையில் தினமும் பார்க்கிறேன். முன்பெல்லாம் சிபிஎஸ்இ ரிசல்ட் அன்று பக்கம் திறக்கவே திறக்காது. பிள்ளைகள் என் கடையிலிருந்து சென்னையில் இருக்கும் சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ போன் போட்டுப் பதிவெண்ணைச் சொல்லிவிட்டு, அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அவரவர் கையில் இருக்கும் போனிலேயே மார்க் வந்துவிடுகிறது. ரிசல்ட் அன்று கடைக்கு யாரும் வருவதில்லை. அந்த வருமானம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது வேறு ஒன்று. அதை யாரும் விளம்பரத்தில் போட்டு நான் பார்த்ததில்லை.

சாட்டிலைட் காலத்தில் பரமக்குடியில் இருக்கும் அம்மாவோடு பேசுவேன். நான் பேசியது 36,000 கிலோமீட்டர் மேலே போய், அதே தூரம் கீழே இறங்கி அம்மாவின் காதுக்குப் போகும். அம்மாவின் பதிலும் அதே போல ஏறி இறங்கி வரும். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அரை விநாடிக்குக் குறையாமல் ஒரு வெறுமை விழும். கேட்டால் சின்ன நேரம்தான். ஆனால் அம்மா "நல்லா இருக்கியா?" என்று கேட்பார். அரை விநாடி சத்தமே இருக்காது. அப்புறம்தான் "நல்லா இருக்கேன்மா" போய்ச் சேரும். அந்த இடைவெளியை அம்மா தயக்கம் என்று எடுத்துக்கொண்டார். "எதையோ மறைக்கிறான்" என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். பணம் போதவில்லையா, உடம்புக்கு முடியவில்லையா, மருமகளோடு சண்டையா என்று ஒவ்வொன்றாக அண்ணன் என்னிடம் விசாரிப்பார். தூரத்தால் வருகிற தாமதம் அது என்று எத்தனையோ முறை விளக்கினேன். அந்த விளக்கமும் அரை விநாடி தாமதித்துத்தானே அங்கே போய்ச் சேர்ந்தது. எட்டு ஒன்பது வருடம் அம்மா அந்தச் சந்தேகத்தோடுதான் இருந்தார்.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. இங்கிருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்குகூட வேண்டாம். நடுவில் இருக்கும் கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்து, என் கடையில் பார்த்தால் நாற்பது மில்லி விநாடிக்குள் அடங்குகிறது. கணக்கு இது. ஃபைபர் வந்த முதல் வாரத்தில் வீடியோ காலில் நான் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, அம்மா பாதியில் குறுக்கிட்டு, "அது கிடக்கட்டும், கன்னம் ஏன் ஒட்டிப்போச்சு?" என்றார். என் பேச்சை அம்மா குறுக்கே வெட்டி எத்தனை வருடமாயிற்று! அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். அதற்குப் பிறகு அண்ணன் என்னை விசாரிப்பதே இல்லை.

இதற்காக அந்தக் கேபிளை வடிவமைத்தவர்களுக்கும் கப்பலில் இருந்து இறக்கியவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். வங்காள விரிகுடாவில் மூவாயிரம் மீட்டர் ஆழத்தில், யாரும் கண்ணால் பார்க்க முடியாத இருட்டில், கை மணிக்கட்டைவிட ஒல்லியான ஒரு கயிறு கிடக்கிறது. கரையோரத்தில் நங்கூரத்துக்கும் வலைக்கும் தாங்குமாறு எஃகுக் கம்பி சுற்றியிருக்கிறார்கள். ஒளி மங்கிப் போகாமல் இருக்க வழிநெடுக அதற்கு வலுவூட்டும் கருவிகள் வைத்து, அவற்றுக்குக் கரையிலிருந்தே மின்சாரமும் அனுப்புகிறார்கள். இந்த வகைக் கேபிள்களை 25 ஆண்டு உழைக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள்.

சரி, இனி அந்தப் பெட்டி.

பகுல்தலா போகும் வழியில், எங்கள் வீட்டுத் திருப்பத்தில் ஒரு ஓடை இருக்கிறது. ஓடையை ஒட்டி ஒரு கம்பம். கம்பத்தில் என் இடுப்பளவு உயரத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வரும் இழைகளை எல்லாம் அதற்குள்தான் இணைத்திருக்கிறார்கள். மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். முதல் மழைக்காலத்தில் பழுது பார்க்க வந்தபோது திறந்தார்கள், வளையம் கீழே விழுந்தது, ஓடையோடு போனது. அதற்குப் பிறகு அந்த மூடி சரியாக மூடியதே இல்லை. கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போவார்கள். இங்கே மே மாதக் கடைசியில் பிடிக்கிற மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். டேப் எத்தனை நாளைக்கு?

உள்ளே ஈரம் போகிறது. பின்னாலேயே எறும்பு போகிறது, கூடு கட்டுகிறது. கண்ணாடி இழையை நெருக்கமாக வளைத்துவிட்டால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். இணைத்த இழையை உள்ளே அவசரமாகத் திணித்து, அதன்மேல் கூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் மோடத்தின் அளவுகளைக் காட்டும் இணையப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நல்ல நாளில் எனக்கு வந்து சேரும் ஒளி மைனஸ் 19 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் டெசிபல் கணக்கு). பெட்டி கெடத் தொடங்கினால் 21, 23 என்று இறங்கும். மைனஸ் 27 வரும்போது லைன் விட்டு விட்டு வரும், அடுத்த மழைக்குச் சிவப்பு விளக்கு. 19க்கும் 27க்கும் நடுவில் வெறும் எட்டு என்று நினைத்துவிடாதீர்கள். வந்த ஒளியில் ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது என்று அர்த்தம்.

இந்தத் தடவை சாலை வேலையும் சேர்ந்துகொண்டது. ஜேசிபி இரண்டு இடத்தில் இழையை அறுத்தது. அதை இரண்டாம் நாளே இணைத்துவிட்டார்கள், அதற்கு நன்றி. மீதி ஒன்பது நாளும் பெட்டிதான். முதல் புகாருக்கு மறுநாளே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வந்தது. அதைப் படிக்கும்போது எதிரே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுபடி புகார், மறுபடி தீர்க்கப்பட்டது. நான்கு முறை. என் இணைப்பு எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை, பக்கத்து ஊரில் வேறு கம்பெனி இணைப்பு வைத்திருப்பவர்களும் இதே பாட்டைத்தான் சொல்கிறார்கள்.

லைன்மேன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒற்றை ஆள், ஒரு ஸ்கூட்டர், அத்தனை கிராமம். இழையை உருக்கி ஒட்டும் மிஷின் வேறு ஊரில் வேலையாக இருந்தால் அது வரும்வரை அவர் என்ன செய்வார்? நேற்று மழையில் ஒரு மணி நேரம் நின்று வேலை செய்தார். குடை பிடித்தது என் மகன். வளையம் கொண்டு வந்தீர்களா என்று கேட்டேன். ஸ்டாக் இல்லை என்றார். டேப் சுற்றினார்.

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடலுக்கு அடியில் ஆயிரம் கோடிக்கு மேல் செலவு செய்து, அத்தனை ஆழத்தில் தண்ணீர் புகாமல் காப்பாற்றிக் கொண்டுவந்த ஒளியை, என் வீட்டுக்கு இருநூறு மீட்டர் முன்னால் ஒரு ரப்பர் வளையம் இல்லாமல் எறும்புக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். நான்கு வருடமாக லைன் நின்ற நாட்களைக் காலண்டரில் குறித்து வருகிறேன். கரண்ட் போனது, மரம் விழுந்தது, சாலை வேலை எல்லாம் இருக்கிறது. பாதிக்கு மேல் அந்தப் பெட்டி. இந்தப் பதினோரு நாளில் இரண்டு பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பத்தைக் கடைசி நாளில் மொபைல் சிக்னலைத் தேடிப் படகுத்துறை வரை போய்ப் போட்டார்கள். ஒரு அம்மாவுக்குச் சென்னை மருத்துவமனையோடு வீடியோவில் பேச வேண்டியிருந்தது, பேச முடியவில்லை. அவர் திரும்பிப் போனபோது நான் தலை நிமிரவில்லை.

கடையில் இன்வெர்ட்டர் போட்டுவிட்டேன், கரண்ட் தொல்லை பாதி குறைந்தது. கட்டணமும் மைத்துனன் மதுரையில் கட்டுகிற அளவுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. மோடம் நான்கு வருடமாக மாற்றவில்லை.

தம்பி, உன் கேள்விக்குப் பதில்: வராதே. மேலே நான் பாராட்டியது அத்தனையும் உண்மை. லைன் இருக்கும் நாளில் நீ மதுரையில் நடத்துவது போலவே வகுப்பு நடத்தலாம், பிள்ளை கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லலாம். ஆனால் உன் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்துவிட்டு நீ அந்தக் கம்பத்தடியில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அக்காவைப் பார்க்க வருவதென்றால் ஜனவரிக்கு மேல் வா, ஏப்ரலுக்குள் திரும்பிப் போ. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் இன்றைக்கு இரண்டுதான் கொடுப்பேன். போன மாதம் மதிப்பெண் கேட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன்.

கம்பெனியில் யாராவது இதைப் படித்தால், ஒரு ரப்பர் வளையம் அனுப்புங்கள். பெட்டியை இடுப்பளவிலிருந்து எடுத்து ஓடை நீர் தெறிக்காத உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். ஏணி என் கடையிலேயே இருக்கிறது.