பிதுக்கி எடுப்பதா, முன்கூட்டியே ஊசியா?

மாட்டின் முதுகில் புடைப்புகள் எழுந்த பிறகுதான், மாட்டின் உடலுக்குள் புழுவாக வளரும் வார்பிள் ஈயின் நினைவே பலருக்கு வருகிறது. மூன்று ஆண்டுகள் நானும் அப்படித்தான் இருந்தேன். குளிர்காலம் முடியும் தறுவாயில், புடைப்பின் நடுவிலுள்ள மூச்சுத் துளையைச் சுற்றி மயிர் ஒட்டிக் காய்ந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, இரு கட்டைவிரல்களாலும் பக்கவாட்டில் மெல்ல அழுத்தினால் இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில் கொழுத்த புழு ஒன்று நழுவி விழும். அதில் ஒரு திருப்தி இருந்ததை மறைப்பதற்கில்லை.

மருந்துச் செலவு இல்லை, பாலைக் கொட்ட வேண்டியதில்லை. பிதுக்கலின் பெருமை அத்தோடு சரி. எல்லாப் புடைப்பும் ஒரே நாளில் பழுப்பதில்லை. வாரக்கணக்கில் திரும்பத் திரும்பத் தடவிப் பார்க்க வேண்டும். புழு உள்ளேயே நசுங்கினால் கடும் ஒவ்வாமை வரலாம். என் கிடாரி ஒன்றுக்குக் கண்ணிமை வீங்கி மூச்சு வாங்கியது அப்படித்தான். நாம் கை வைப்பதற்கு முன்பே தோலில் துளை விழுந்திருக்கும், அதுவும் தோல் வியாபாரி முதலில் பார்க்கும் முதுகுப் பகுதியில்.

இப்போது ஊசிக்கு மாறிவிட்டேன். ஈ பறக்கும் காலம் முடிந்ததும் ஐவர்மெக்டின் என்ற புழுக்கொல்லி மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், தோலுக்கடியில். கோடையில் கால் மயிரில் இட்ட முட்டையிலிருந்து வந்த புழு, உடலுக்குள் பயணம் செய்யும்போதே செத்துவிடும். முதுகு சுத்தமாக இருக்கும். கறவை மாட்டுக்கு மட்டும் இது ஆகாது. அதற்கு முதுகில் ஊற்றும் எப்ரினோமெக்டின் என்ற மருந்து உண்டு.

ஆனால் இந்த முறையின் உயிர் தேதியில் இருக்கிறது. மாட்டைத் தாக்கும் வார்பிள் ஈயில் இரண்டு இனங்கள்: குளிர்காலத்தில் ஹைப்போடெர்மா லினியேட்டம் புழுக்கள் உணவுக்குழாய்ச் சுவரிலும், ஹைப்போடெர்மா போவிஸ் புழுக்கள் தண்டுவடத்தை ஒட்டிய கொழுப்பிலும் தங்குகின்றன. அங்கே இருக்கும்போது கொன்றால் அந்த இடமே வீங்கும். முதல் வகையில் எச்சில் வடியும், வயிறு உப்பும். இரண்டாவதில் பின்னங்கால்கள் தள்ளாடும், சில நேரம் மாடு எழவே எழாது. ஊசி போடுவதற்கான கடைசித் தேதி இடத்துக்கு இடம் மாறும் என்பதால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துவைக்கிறேன். தவறவிட்டால் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, புடைப்பு எழும்வரை பொறுத்துப் பிதுக்குவதே மேல். அந்த ஓர் இடத்தில் பழைய முறை ஜெயிக்கிறது.

ஒருவர் மட்டும் போட்டால் போதாது, அக்கம்பக்கத்து மந்தைகளும் சேர வேண்டும். பிரிட்டனில் 1978இல் ஒழிப்புத் திட்டம் தொடங்கி, 1990இல் நாடு இந்த ஈயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள்.

காட்டோரம் மேய்ப்பவர்கள் மான்களிடமிருந்து திரும்ப வராதா என்று கேட்பார்கள். மான் முதுகில் இருப்பது பெரும்பாலும் ஹைப்போடெர்மா டயானா என்ற வேறு இனம். மாட்டுக்குத் தாவுவது அரிது. வெள்ளாட்டுக்கும் தனி இனம் உண்டு. ஆடுகளில் என் கை பட்டதில்லை. மேலே சொன்ன கணக்கை அவற்றுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.